பூஜாங் பள்ளத்தாக்கா, முவாரா ஜம்பியா?

ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் புளோக்கில் இருக்கும் நண்பர்கள் கேட்பது ஒன்றுதான். கூட்டம் இருக்கக்கூடாது, கோயிலோ மடமோ உள்ள பழமையான இடமாக இருக்கவேண்டும், மூன்று நாளில் போய்வந்துவிடவேண்டும். எனக்கு உடனே இரண்டு பெயர்கள்தான் வாயில் வரும். ஒன்று, மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு. இன்னொன்று, சுமத்ராவில் பத்தாங்ஹாரி ஆற்றங்கரையில் இருக்கும் முவாரா ஜம்பி. பூஜாங்குக்கு அம்மாவோடு போனேன், ஜம்பிக்கு மனைவியோடு.

இந்த இரண்டையும் சேர்த்துப் பேசக் காரணம் இருக்கிறது. 671 இல் சீனாவிலிருந்து கப்பலேறிய இ-ட்சிங் என்ற பௌத்தத் துறவி, சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசில் ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்தார். அதன்பின் மலாயுவில் இரண்டு மாதம், அங்கிருந்து கெடா, அப்புறம் கடலைக் கடந்து வங்கம். மலாயு என்று அவர் சொல்வது இன்றைய ஜம்பிப் பக்கம். 1025 இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்ததே, அதைச் சொல்லும் மெய்க்கீர்த்தியிலும் (அரசன் புகழைப் பாடும் கல்வெட்டு வரிகள்) இரண்டு ஊரும் உண்டு: மலாயு ‘தொன்மலையூர்’, கெடா ‘கடுமுரட் கடாரம்’. துறவி போன அதே வழியில் 350 ஆண்டு கழித்து நம் படை போயிருக்கிறது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு இந்த இரண்டையும் பார்க்காமல் இருப்பது எனக்கு மனசு ஒப்பாத விஷயம்.

போய்ச்சேருவதில் பூஜாங் சுலபம். பினாங்குக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அங்கே கார் எடுத்துப் பாலத்தைக் கடந்தால் சுங்கைப்பட்டாணி வழியாக மெர்போக் வந்துவிடும். சொந்தக் காரில் துவாஸ் வழியாகப் போகிறவர்களும் உண்டு. வயதானவர்கள் இருந்தால் அது வேண்டாம். ஜம்பிக்கு நாங்கள் ஹார்பர்ஃபிரண்ட்டில் படகு பிடித்து பாத்தாம் போய், அங்கிருந்து விமானம் ஏறினோம். ஜகார்த்தா சுற்றிப் போனால் அரை நாள் அதிகம் போகும். ஜம்பி நகரிலிருந்து ஆற்றின் போக்கிலேயே 26 கிலோமீட்டர் கீழே போகவேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இரண்டு நாட்டின் விசா விதிகளையும் டிக்கெட் எடுக்குமுன் பார்த்துவிடுங்கள்.

பூஜாங்கில் அருங்காட்சியகத்தை ஒட்டி, ஜெராய் மலையின் அடிவாரத்தில், ஓடைக்கு மேலே இருப்பது புக்கிட் பத்து பகாட் சண்டி. இந்தப் பக்கத்தில் கோயிலானாலும் விஹாரமானாலும் சண்டி என்றே பெயர். 1936-37 இல் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் தோண்டிக் கண்டதை, 1960 வாக்கில் அலஸ்டர் லாம்ப் மறுபடி அடுக்கிக் கட்டினார். பெங்காலான் புஜாங், பெண்டியாட் போன்ற மற்ற சண்டிகளை அவை இருந்த கிராமங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அதே வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரே காலையில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பார்க்க வசதிதான். ஆனால் ஒரு கட்டடத்தை அதன் ஆற்றங்கரையிலிருந்து தூக்கிவிட்டால், அது ஏன் அங்கே இருந்தது என்பது போய்விடுகிறது. அந்தக் குறை எனக்கு இருந்தது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். மடத்தைத் தேடிப் போகிறவருக்கு பூஜாங்கில் மடம் கிடைக்காது. புக்கிட் பத்து பகாட் சிவன் கோயில் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். விமானம், மண்டபம் என்று நமக்குப் பழகிய அமைப்பு. பௌத்தத் தடயம் வேண்டுமென்றால் மலைக்கு வடக்கே புக்கிட் சோராஸ் இருக்கிறது. 2023 இல் தொடங்கிய அகழாய்வில் அங்கே சுதையில் செய்த புத்தர் சிலைகள் வெளிவந்தன. மலைக்குத் தெற்கே சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகள் இருக்கின்றன. துறைமுகமும் தொழிலும் வியாபாரமும் நிறைந்த பள்ளத்தாக்கு இது; தியானம் அதன் ஒரு மூலையில்தான் இருந்திருக்கிறது.

ஆனாலும் அங்கே ஒரு காட்சி என்னை நிறுத்திவிட்டது. மண்டபத் தரையில் வரிசையாகக் கல் பீடங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி, மரத்தூண் நின்ற இடம். முதல்நாள் மழை அத்தனை குழியிலும் நிறைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம் தெரிந்தது. மரம் எப்போதோ மக்கிப்போனது, குழி மட்டும் இருக்கிறது. அம்மா குனிந்து ஒரு குழியின் விளிம்பைத் தடவி, “நம்ம ஊர் கோயில்ல தூண் நடுறதுக்கு இப்படித்தான்டா குடைவாங்க” என்றார். தாத்தா ஸ்தபதியிடம் வேலை பார்த்தவர். அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

2013 இல் இதே பள்ளத்தாக்கில் 11 ஆம் எண் சண்டியை ஒரு நிலமேம்பாட்டு நிறுவனம் இடித்துத் தள்ளிவிட்டது. ஆயிரம் ஆண்டு நின்ற செங்கல் ஒரே நாளில் போனது. அதைப் படித்த பிறகுதான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சரி, முவாரா ஜம்பி. இது வேறு அளவு. ஆற்றை ஒட்டி ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. மொத்தப் பரப்பு 3,981 ஹெக்டேர். 7 ஆம் நூற்றாண்டு முதல் 14 ஆம் நூற்றாண்டு வரை ஆட்கள் புழங்கிய இடம். இன்னும் தோண்டாத செங்கல் மேடுகளை ஊர்க்காரர்கள் ‘மெனாப்போ’ என்கிறார்கள், அவை நிறைய. ஒரு தனிக் கோயிலாக இல்லாமல் சுற்றுமதில், முற்றம், குளம், பழைய கால்வாய் என்று பரந்து கிடப்பதால், இதைத் துறவிகள் தங்கிப் படித்த பெரிய கல்விச்சாலை என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். அதிசர் என்ற வங்கத்துப் பேராசான் சுவர்ணத்வீபத்துக்கு, அதாவது சுமத்ரா பக்கத்துக்கு, கப்பலில் வந்து தர்மகீர்த்தி என்ற ஆசிரியரிடம் 12 ஆண்டு படித்து, பின்னால் திபெத்துக்குப் போய்ப் பௌத்தத்தை நிலைநிறுத்தினார். அவர் படித்தது இங்கேதான் என்று நம்புகிறவர்கள் பலர். ராஜேந்திரன் படை வந்ததும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். ஒரு பக்கம் பாடம், ஒரு பக்கம் போர்க்கப்பல் என்று நினைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வாசலில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். கும்புங், திங்கி என்ற இரண்டு சண்டிகளும் அடுத்தடுத்து இருப்பதால் நடந்தே பார்க்கலாம். கும்புங்கின் அடியில் தெய்வப் பெயர்கள் பொறித்த பொன் தகடுகள் கிடைத்தன. அங்கே கிடைத்த, ஞானத்தின் பௌத்தப் பெண்தெய்வமான பிரக்ஞாபாரமிதையின் சிலைக்குத் தலையும் கைகளும் இல்லை. இருந்தாலும் அமர்ந்திருக்கும் விதத்திலேயே அமைதி தெரிகிறது. தள்ளி இருக்கும் கெடாட்டோன் சண்டிக்குத்தான் சைக்கிள் வேண்டும். டுக்கு மரங்களுக்கும் டுரியான் மரங்களுக்கும் இடையே பாதை போகும். நாங்கள் போன காலையில் அரை மணி நேரத்தில் எதிரே வந்தது ஒரே ஒரு பாட்டி, தலையில் விறகுக் கட்டோடு. கெடாட்டோனின் மதிலருகே உட்கார்ந்து செங்கற்களைப் பார்த்தோம். சிலவற்றில் சுடுவதற்குமுன் ஈர மண்ணில் விரலால் இழுத்த கோடுகள் இருந்தன. யாரோ ஒரு சூளைக்காரர், வேலைக்கு நடுவே. மனைவி தன் விரலை அந்தக் கோட்டில் வைத்துப் பார்த்தாள், சரியாகப் பொருந்தியது.

கவலையும் உண்டு. ஆற்றங்கரையில் நிலக்கரிக் குவியல்கள் இந்த இடத்தை நெருங்கி வந்திருக்கின்றன. பழைய மேடுகளுக்கு மேலேயே லாரிகள் போகும் நிலை. யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2009 முதல் இருந்தும் இதுதான் நிலைமை.

சாப்பாட்டில் பூஜாங்கை அடிக்க முடியாது. சுங்கைப்பட்டாணியிலும் பீடோங்கிலும் தமிழர்கள் நிறைய; காலையில் தோசையில் பசியாறி, மதியம் வாழையிலையில் உட்காரலாம். கடைக்காரர் அம்மாவிடம், “சிங்கப்பூரா? கடாரம் பாக்க வந்தீங்களா?” என்று கேட்டு, காசு வாங்காமல் ஒரு வடை வைத்தார். ஜம்பியில் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் சிரமப்படுவார்கள். பாடாங் கடைகளில் தெம்பேயும் பலாக்காய்க் குழம்பும் கைகொடுக்கும். மீன் சாப்பிடுவோர் தெம்போயாக், அதாவது புளித்த டுரியானில் சமைத்த பாத்தின் மீனை விட்டுவிடாதீர்கள்.

பெற்றோரோடு போகிறீர்கள், மெய்க்கீர்த்தியில் படித்த கடாரத்தை மிதிக்கவேண்டும் என்று ஆசை, இரண்டு நாள்தான் லீவு என்றால் பூஜாங். போகுமுன் ஆனைமங்கலச் செப்பேட்டின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விஹாரத்துக்கு ராஜராஜன் ஓர் ஊரையே கொடுத்தான். அவன் மகன்தான் அதே கடாரத்தின்மேல் படை நடத்தினான். இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்தக் கற்கள் பேசும்.

அமைதியைத் தேடிப் போகிறவர், ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல் மரநிழலில் சுற்ற ஆசைப்படுகிறவர் என்றால் நான் தயங்காமல் முவாரா ஜம்பியைத்தான் சொல்வேன். இரண்டில் எனக்குப் பிடித்ததும் அதுதான். டிசம்பர் விடுமுறையில் மட்டும் வேண்டாம், மழைக்காலத்தில் பத்தாங்ஹாரி கரையேறி வந்துவிடும். மே மாதம் விசாக தினத்தில் பிக்குகள் கும்புங்கைச் சுற்றி வருவார்கள். அன்று கூட்டம் இருக்கும். ஜூனில் போங்கள். காலை எட்டு மணிக்குமுன் கெடாட்டோன் மதிலருகே போய்விட்டால், வெயில் ஏறுகிறவரைக்கும் அந்த இடம் உங்களுக்கு மட்டும்தான்.