பழைய மிட்ரேஞ்ச் கோப்புகளைப் படிக்க எஸ்.க்யூ.எல். ஃபங்ஷன்கள்: ஒரு பஞ்சாலைக் கணினிப் பிரிவின் மதிப்பீடு

மதுரையை அடுத்த கப்பலூர்ப் பகுதியில் உள்ள எங்கள் பஞ்சாலையில், ஐபிஎம் நிறுவனத்தின் பழைய மிட்ரேஞ்ச் (நடுத்தர வகை) கணினியான ஏ.எஸ்./400 காலத்துப் பஞ்சு கொள்முதல் கோப்புகள் இன்றும் அதன் வழிவந்த ஐபிஎம் ஐ இயந்திரத்தில் அன்றாடப் புழக்கத்தில் இருக்கின்றன. கணக்குப் பிரிவினர் அவற்றைத் தரவுத்தள வினவல் மொழியான எஸ்.க்யூ.எல். மூலம் நேரடியாகப் பார்ப்பதற்கு, நாமே ஃபங்ஷன் (உள்ளீட்டை வாங்கி விடை தரும் சிறு நிரல்) எழுதிக்கொள்ள, அந்த இயந்திரத்தின் தரவுத்தளமான டிபி2 தரும் வசதியைப் பயன்படுத்தி வருகிறோம். கோப்பின் அமைப்பையோ அதை நம்பி ஓடும் புரோகிராம்களையோ தொடாமல் பழைய தரவைப் படிக்க, நான் அறிந்தவரை இதைவிட நல்ல வழி இல்லை.

எங்கள் கோப்புகளில் தேதி ஏழு இலக்க எண்ணாக இருக்கிறது. 2015 மார்ச் 14 என்பது 1150314. முதல் இலக்கம் 0 என்றால் 1900கள், 1 என்றால் 2000கள். அதனுடன் 19000000 கூட்டினால் 20150314 கிடைத்துவிடும். இந்தக் கணக்கை ஒவ்வோர் அறிக்கையிலும் திரும்ப எழுதாமல் ஒரே ஃபங்ஷனுக்குள் வைத்தோம். தேதி தெரியாத இடங்களில் பழைய புரோகிராம்கள் பூஜ்யத்தை எழுதியிருப்பதாலும், பிப்ரவரி 31 போன்ற இல்லாத தேதிகளும் இடையில் தட்டுப்படுவதாலும், அத்தகைய இடங்களில் மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் நல் (NULL) வரும்படி செய்திருக்கிறோம். இல்லாவிட்டால் ஒரு கெட்ட ரெக்கார்டு முழு அறிக்கையையும் பிழையில் நிறுத்திவிடும்.

இந்த வசதியின் முழு மதிப்பும், ஏ.எஸ்./400-க்கு முந்தைய ஐபிஎம் கணினியான சிஸ்டம்/36 வழிவந்த கோப்புகளில்தான் தெரிகிறது. அவற்றில் ஒரு ரெக்கார்டு முழுவதும் நீளமான ஒற்றைப் புலமாகத்தான் தரவுத்தளத்துக்குத் தெரியும். எந்த பைட்டில் எது தொடங்குகிறது என்ற விவரம், ஆர்.பி.ஜி. என்ற ஐபிஎம் நிரல் மொழியில் எழுதிய புரோகிராமுக்குள் மட்டுமே இருக்கும். ஒரு பேலின் (பஞ்சுப் பொதியின்) எடை 165.25 கிலோ என்றால், ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களை அடைக்கும் பேக்டு டெசிமல் முறையில் அது 16, 52, 5எஃப் என மூன்று பைட்டுகளில் அடங்கியிருக்கும். கடைசி அரை பைட்டில் உள்ள எஃப் நேர்மறைக் குறி. அதுவே டி என்றால் எதிர்மறை. தசமப் புள்ளி எங்கும் பதிவாவதில்லை. இதைப் பிரிக்க ஆர்.பி.ஜி.யிலேயே ஒரு டேபிள் ஃபங்ஷன் (விடையை அட்டவணையாகத் தரும் ஃபங்ஷன்) எழுதினோம். பழைய புரோகிராமில் இருந்த ரெக்கார்டு அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ள முடிந்ததால், பைட் கணக்கைப் புதிதாகப் போடும் வேலையே இல்லை. கணக்குப் பிரிவினருக்கு இப்போது அது வழக்கமான அட்டவணை போலவே தெரிகிறது. மற்ற அட்டவணைகளோடு ஜாயின் செய்யவும் (இணைத்துப் பார்க்கவும்) தடையில்லை.

வேகத்தில்தான் கவனம் தேவை. தேதிப் புலத்தை ஃபங்ஷனுக்குள் இட்டு எஸ்.க்யூ.எல்.லின் வேர் (WHERE) நிபந்தனையில் ஒப்பிட்டால், அந்தப் புலத்தின் மீதுள்ள இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அகரவரிசை போன்ற பட்டியல்) பயன்படாமல் கோப்பு முழுவதும் படிக்கப்படும். பயனர் கொடுக்கும் தேதியை ஏழு இலக்க எண்ணாக மாற்றும் எதிர்த் திசை ஃபங்ஷன் ஒன்றையும் எழுதி, புலத்தை உள்ளபடியே ஒப்பிடுவதுதான் முறை. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரும் ஃபங்ஷனை டிடர்மினிஸ்டிக் என்று அறிவிக்கவும் மறக்கக் கூடாது. சொல்லாமல் விட்டால் டிபி2 அதை அப்படிக் கருதாது.

ஆண்டுக்கொரு மெம்பர் (ஒரே கோப்புக்குள் தனியாக இருக்கும் தரவுப் பகுதி) வைத்திருக்கும் கோப்புகளுக்கு இது தீர்வாகாது. எஸ்.க்யூ.எல். இயல்பாக முதல் மெம்பரை மட்டுமே படிக்கும் என்பதால், மற்றவற்றுக்குத் தனித்தனியே ஏலியஸ் (மாற்றுப் பெயர்) உருவாக்க வேண்டும்.

ஆர்.பி.ஜி. தெரிந்த ஒருவராவது பணியில் இருக்கும் இடங்களுக்கு இந்த வசதியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். டேபிள் ஃபங்ஷன் எழுதும்போது கொள்முதல் ஆண்டை அதன் உள்ளீடாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாத ரெக்கார்டுகளை ஃபங்ஷனே தள்ளிவிட்டால், எஸ்.க்யூ.எல். பக்கம் வந்து சேரும் வரிசைகள் வெகுவாகக் குறையும்.