மைக்ரோவேவ் கரி வடிகட்டி: கம்பெனிச் சரக்கா, மாற்றுச் சரக்கா, வெளிக்குழாயா?

அமெரிக்கச் சமையலறைகளில் அடுப்புக்கு நேர் மேலே, அலமாரிக்கு அடியில், 30 அங்குல அகலத்தில் ஒரு மைக்ரோவேவ் பொருத்தப்பட்டிருப்பது சர்வ சாதாரணம். சாப்பாட்டைச் சூடாக்குவது அதன் ஒரு வேலை, கீழே அடுப்பில் எழும் புகையை இழுப்பது இன்னொரு வேலை. பாஸ்தாவும் டோஸ்ட்டும் செய்கிற வீட்டில் இந்த இரண்டாவது வேலையைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதில்லை. வத்தல் குழம்புக்குத் தாளிக்கிற வீட்டில் அப்படி இருக்க முடியாது. எண்ணெயில் வரமிளகாயும் பெருங்காயமும் விழுந்த மணம் சமைக்கும் நேரத்தில் அமிர்தம். மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டில் அதே மணம் வந்தால் பக்கத்து இருக்கைக்காரர் சன்னலைத் தேடுவார்.

இந்த மணத்தைப் பிடிக்க மைக்ரோவேவுக்குள் மாட்டுவதுதான் கரி வடிகட்டி. அதில் எதை வாங்கலாம் என்று பார்ப்பதற்கு முன், உங்கள் வீட்டில் அது தேவையா என்று தெரிந்துகொள்ளுங்கள். மைக்ரோவேவின் விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, கதவுக்கு மேலே இருக்கும் காற்றுத் துவாரத்தின் முன் ஒரு டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். தாள் படபடத்தால், இழுத்த காற்றை இயந்திரம் உங்கள் முகத்திலேயே திருப்பி ஊதுகிறது என்று பொருள். அப்படியானால் கரி வேண்டும். தாள் அசையவில்லை, மேலே உள்ள அலமாரியைத் திறந்தால் உலோகக் குழாய் ஒன்று கூரையை நோக்கிப் போகிறது என்றால், காற்று வெளியே போகிறது. அங்கே கரி வடிகட்டி வாங்குவது வீண் செலவு. இந்தச் சோதனையைச் செய்யாமலே வருடா வருடம் வாங்கி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கரியின் சாமர்த்தியம் அதன் நுண்துளைகளில் இருக்கிறது. நிலக்கரியையோ தேங்காய்க் கொட்டாங்குச்சியையோ காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கி, பிறகு 800 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலுமான வெப்பத்தில் நீராவி பாய்ச்சித் துளைக்க வைப்பதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராம் கரிக்குள் 500 சதுர மீட்டருக்குக் குறையாத பரப்பு கிடைக்கும். நம் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்கு மேல். வாசனை மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. கொட்டாங்குச்சிக் கரியில் இலங்கைக்கும் கோவை, திருப்பூர் வட்டாரத்துக்கும் பெரிய பங்கு உண்டு. இலங்கையின் ஹேகார்ப் இத்துறையில் உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று. டெக்சஸில் சாம்பார் மணத்தைப் பிடிக்கும் கரி பொள்ளாச்சித் தேங்காயிலிருந்து வந்திருந்தாலும் வியப்பதற்கில்லை.

ஆனால் இந்தப் பரப்பு நிரம்பிவிட்டால் அதோடு சரி. அதை நிரப்புவது வாசனை மட்டுமன்று. எண்ணெய் ஆவி துளைகளின் வாயை அடைத்துவிடுகிறது. இட்லிப் பானையும் குக்கரும் விடும் நீராவி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மீன் வறுவலின் நெடிக்குக் காரணமான சிறு மூலக்கூறுகளோ சாதாரணக் கரிக்கு எளிதில் பிடிபடுவதே இல்லை. நம் சமையலில் கரி சீக்கிரம் தோற்பதற்கு இவை போதும். மைக்ரோவேவ் விற்கும் ஜி.இ. நிறுவனத்தின் கையேடு 6 முதல் 12 மாதங்களில் மாற்றச் சொல்கிறது, கழுவக் கூடாது என்றும் சொல்கிறது. தினமும் இரண்டு வேளை தாளிக்கும் வீட்டுக்கு 12 மாதம் என்பது வெறும் பகற்கனவு. என் கணக்கில் நான்கு மாதம், பூரியும் பஜ்ஜியும் அடிக்கடி என்றால் மூன்று.

கம்பெனிச் சரக்கும் மாற்றுச் சரக்கும்

நிறுவனத்தின் பெயர் பொறித்த அசல் வடிகட்டி பெரும்பாலும் 20 முதல் 40 டாலருக்குள் இருக்கிறது. அதே அளவில் வேறு யாரோ செய்யும் மாற்று, இரண்டு சேர்ந்த பொட்டலமாகவே அந்த விலைக்குக் கிடைத்துவிடும். இணையத்தில் படத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, கையில் எடுத்தால் தெரியும்.

நல்ல வடிகட்டியில் இரு பக்கமும் வலை, நடுவில் கரி மணிகள் அல்லது கரி ஏற்றிய தடித்த பஞ்சு. மட்டமானதில் கறுப்புச் சாயம் பூசியது போன்ற மெல்லிய நாரிழைத் துண்டு ஒன்றுதான் இருக்கும். அதனால் வாங்கியதும் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில் சமையல் தராசில் வைத்துப் பாருங்கள். வாசனையைப் பிடிப்பது கரியின் எடைதான், சட்டத்தின் அழகு ஒன்றையும் பிடிக்காது. பழைய அசல் வடிகட்டி கைவசம் இருந்தால் அதோடு ஒப்பிடலாம், ஆனால் அதில் எண்ணெய் ஏறி எடை கூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்லக் குலுக்குங்கள். மணிகள் எல்லாம் ஒரு பக்கம் சரிந்து, மறு பக்கம் வெறும் வலை தெரிந்தால், காற்று அந்த வெற்றிடம் வழியாகவே போகும். கரி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை. வெள்ளைத் தாளில் தட்டினால் சிறிது கரித்தூள் உதிர்வது இயல்பு. கைப்பிடி மிளகுத்தூள் கொட்டியது போலாகிவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மாற்றுச் சரக்கின் உண்மையான பலவீனம் அளவுதான். கால் அங்குலம் குறைந்தால் ஓரத்தில் சந்து விழும். எதிர்ப்பில்லாத வழி கிடைத்தால் காற்று ஏன் கரிக்குள் நுழைந்து கஷ்டப்படப் போகிறது? ஆகவே மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மைக்ரோவேவ் கதவைத் திறந்தால் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் சீட்டில் அந்த எண் பெரும்பாலும் இருக்கும். ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று அட்டையில் போட்டிருந்தால் அதை நம்பாதீர்கள்.

வேறு கம்பெனி பாகம் போட்டால் வாரண்டி போய்விடும் என்று விற்பனையாளர்கள் பயமுறுத்துவதுண்டு. அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இதற்கு இடம் தருவதில்லை. எங்கள் பெயர் போட்ட பாகத்தைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று பொதுவாக நிபந்தனை விதிக்க முடியாது. நீங்கள் மாட்டிய பாகமே பழுதுக்குக் காரணம் என்றால் மட்டும் அந்தப் பழுதுக்கு அவர்கள் பொறுப்பில்லை. ஒரு கரி வடிகட்டியால் மைக்ரோவேவ் கெடுவது அரிது.

என் தேர்வு: தராசுச் சோதனையில் தேறிய, ஓரம் இடைவெளியின்றிப் பொருந்துகிற மாற்றுச் சரக்கை இரட்டைப் பொட்டலமாக வாங்கி, நான்கு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது. விலையை நினைத்து ஒரு வருடம் விட்டுவைக்கப்படும் அசலைவிட, தயங்காமல் தூக்கிப் போட முடிகிற மலிவான புதிய கரி நன்றாக வேலை செய்யும். கரியும் எண்ணெய் வலையும் ஒரே சட்டத்தில் சேர்ந்து வரும் சில மாடல்களுக்கு, கொக்கியும் காதும் சரியாக அமைய வேண்டியிருப்பதால், அசலையே வாங்கச் சொல்வேன்.

வெட்டிப் பொருத்திக்கொள்ளும் கரித்தாள் என்று ஒன்று சுருளாகக் கிடைக்கிறது. சட்டம் இல்லாததால் விசிறிக் காற்றில் தொய்கிறது, ஓரம் மடங்குகிறது. உங்கள் மாடலுக்கு எதுவுமே கிடைக்காத பட்சத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கழுவிப் போடுவது, வெயிலில் காயவைப்பது, அவனில் (oven) சுடுவது

சிக்கனம் நம் ரத்தத்தில் ஊறியது, ஆனால் இங்கே அது செல்லுபடியாகாது. சோப்பு நீரில் ஊறவைத்தால் துளைகளில் இருக்கும் எண்ணெய் போவதில்லை, அதன் மேல் தண்ணீரும் சோப்பும் சேர்கின்றன. வெயிலில் வைத்தால் ஈரமும் லேசான வாடையும் போகும், எண்ணெய் அப்படியே இருக்கும். அவனில் வைத்துச் சுட்டால் கரி புதுப்பிறவி எடுக்கும் என்ற யோசனைதான் இருப்பதிலேயே மோசமானது. ஆலைகளில் கரியைப் புதுப்பிக்க வேண்டிய வெப்பம் வீட்டு அவனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. எண்ணெய் குடித்த பஞ்சை அவனுக்குள் வைத்தால் தீப்பிடிப்பதற்கு மட்டும் அதன் வெப்பமே தாராளமாகப் போதும். ஐரோப்பாவில் சில சமையலறைப் புகைப்போக்கிகளுக்கு அவனில் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தும் வடிகட்டிகளை நிறுவனங்களே விற்கின்றன. அவை அதற்கென்றே செய்யப்பட்டவை. மைக்ரோவேவோடு வரும் வடிகட்டி அந்த ரகம் அல்ல.

கழுவ வேண்டியது வேறொன்று இருக்கிறது. மைக்ரோவேவின் அடிப்பக்கத்தில் இரண்டு அலுமினிய வலைகள் இருக்கின்றனவே, எண்ணெயை முதலில் எதிர்கொள்வது அவைதான். ஒன்றைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கண்ணிகளில் மஞ்சள் படலம் கட்டி, கீழ் மூலையில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு திரண்டு நிற்கும். அந்தப் படலம் வலையை அடைத்ததும் விசிறி இழுப்பது குறைகிறது, தப்பிய எண்ணெய் நேராகக் கரியில் போய்ப் படிகிறது. மாதம் ஒரு முறை கழுவச் சொல்கிறார்கள், நாம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவினால் கரியின் ஆயுள் கூடும். கொதிக்கக் காய்ந்த தண்ணீர், பாத்திரம் துலக்கும் திரவம், அரை மணி ஊறல், பழைய பல் துலக்கி போதும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவமும் சலவைச் சோடாவும் வேண்டாம், அலுமினியம் கறுத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் அந்த ஈரத்தையும் கரிதான் குடிக்கும்.

காசு செலவழிக்காமல் கிடைக்கும் இந்தப் பலனை எந்த விலையுயர்ந்த வடிகட்டியும் தராது.

வெளிக்குழாய்

கரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சிலவற்றைத் தொடவே தொடாது. கேஸ் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு அதன் வழியே அப்படியே போய்விடும். நீராவியில் பெரும்பகுதியும் வெப்பமும் அறைக்கே திரும்பும். குளிர்காலத்தில் சன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீரில் ரசத்தின் பங்கும் இருக்கிறது. சொந்த வீடு, கேஸ் அடுப்பு, தினசரிச் சமையல் என்றால், கரியைப் பற்றிய ஆராய்ச்சியை நிறுத்திவிட்டுக் குழாய்க்குச் செலவழியுங்கள் என்பேன்.

இதற்காகப் புது மைக்ரோவேவ் வாங்க வேண்டியதில்லை. இந்த வகை மைக்ரோவேவ்களில் பெரும்பாலானவை இரண்டு விதமாகவும் ஓடும்படியே செய்யப்பட்டவை. விசிறிப் பெட்டியைக் கழற்றித் திசை மாற்றிப் பொருத்தினால், காற்று மேல்நோக்கியோ பின்சுவர் வழியாகவோ வெளியேறும். வழக்கமான குழாய் அளவு மூன்றேகால் அங்குலத்துக்கு 10 அங்குலம். அடுப்பு வெளிச்சுவரில் சாய்ந்திருந்தால் அதிர்ஷ்டம்: குறைந்த தூரம், சில நூறு டாலர்களில் வேலை முடியலாம். வீட்டின் நடுவில் இருந்து, மாடியைத் தாண்டிக் கூரைக்குப் போக வேண்டும் என்றால் செலவு ஆயிரத்தைத் தாண்டும். குழாய் உலோகமாக இருக்க வேண்டும், வீட்டுக்கு வெளியே போய்த்தான் முடிய வேண்டும். பரணுக்குள் விட்டுவிட்டுப் போகும் வேலைக்காரரை அன்றே நிறுத்துங்கள். அங்கே எண்ணெயும் ஈரமும் தேங்கினால் பூஞ்சையும் தீ அபாயமும்தான் மிச்சம்.

விசிறி பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைப்பதிலும் ஒரு வரம்பு உண்டு. நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் காற்றை வெளியேற்றினால், ஈடாக வெளிக்காற்று உள்ளே வர ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் கட்டட விதி. மைக்ரோவேவ் விசிறிகள் பெரும்பாலும் 300, 400 என்ற அளவிலேயே நின்றுவிடுவதால் அந்தத் தொல்லை குறைவு. குளிர் மாநிலங்களில், காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றும் புகையோடு சேர்ந்து வெளியே போகும். அதை வெளிக்குழாயின் குறையாகச் சொல்லலாம். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

குழாய் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு விஷயத்தை மாற்ற முடியாது. மைக்ரோவேவின் ஆழம் அடுப்பின் ஆழத்தைவிடக் குறைவு, முன் பர்னர்களுக்கு மேல் அது முழுதாக எட்டுவதில்லை. பின் பர்னரில் சமைத்தால் புகை நன்றாகப் பிடிபடுகிறது என்பதை லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. கடுகு வெடிப்பது, மீன் பொரிப்பது, மிளகாய் வறுப்பது எல்லாம் பின்னால். பால் காய்ச்சுவது முன்னால். விசிறியை எண்ணெய் காயத் தொடங்கும்போதே போடுங்கள், நெடி ஏறித் தும்மல் வந்த பிறகு போடுவதில் பலன் பாதிதான்.

மாட்டும் வேலை

பெரும்பாலான மாடல்களில் கரி வடிகட்டி கதவுக்கு மேலே உள்ள துவாரத் தட்டுக்குப் பின்னால் இருக்கிறது, சிலவற்றில் அடியில். மின் இணைப்பை எடுத்துவிடுங்கள், பிளக் எட்டவில்லை என்றால் பிரேக்கரை அணையுங்கள். தட்டின் மேல்விளிம்பில் இரண்டு மூன்று திருகுகள் இருக்கும். மேல் அலமாரியின் கதவைத் திறந்தால்தான் சிலவற்றை எட்ட முடியும். திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொள்ளுங்கள், அடுப்புக்குள் விழுந்தால் தேடுவது பெரும்பாடு. மைக்ரோவேவ் கதவையும் திறந்துவைத்தால் தட்டு எளிதாக நகர்ந்து வரும். பழையதை உருவி நேராகப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள், புதியது எந்தச் சாய்வில் உட்கார வேண்டும் என்பதைப் பழையதைப் பார்த்தே அறியலாம். அதற்கு மேல் எந்த மூடியையும் கழற்றக் கூடாது. மைக்ரோவேவுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் பிளக்கை எடுத்த பிறகும் உயிரைப் பறிக்கும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

வாடகை வீடு என்றால் குழாய்ப் பேச்சுக்கே இடமில்லை. குடியிருப்பின் பராமரிப்பு அலுவலகத்திடம் கேட்டால் வடிகட்டியை இலவசமாக மாற்றித் தரக்கூடும், குடிவரும் நாளிலேயே கேட்டுவிடுவது நல்லது. முன்பு குடியிருந்தவர் என்ன சமைத்தார், எத்தனை வருடம் மாற்றாமல் விட்டார் என்பதெல்லாம் அந்தக் கரிக்குள்தான் இருக்கிறது. அவர்கள் இழுத்தடித்தால் மாடல் எண்ணைப் பார்த்து நீங்களே வாங்கி மாட்டிவிடலாம், கால் மணி நேர வேலை. சில மாடல்களில் வடிகட்டியை மாற்றச் சொல்லி ஒரு விளக்கு எரியும். அது விசிறி ஓடிய நேரத்தைக் கணக்கிட்டு எரிவது, கரியின் நிலைமை அதற்குத் தெரியாது. புதியதை மாட்டியதும் கையேட்டில் சொன்ன பொத்தானை அழுத்தி அந்தக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், அடுத்த முறை மாற்ற வேண்டிய மாதத்தைச் சமையலறைக் காலண்டரிலும் குறித்துவையுங்கள்.