ஒரே கதை, இரண்டு வாள்: ஜெண்டா 1937, ஜெண்டா 1952

'தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா'வை வீட்டில் மறுபடி பார்க்க நினைப்பவர் முன்னால் இரண்டு படங்கள் நிற்கும். ஒன்று 1937இல் ஜான் குரோம்வெல் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். மற்றது 1952இல் ரிச்சர்ட் தார்ப் எடுத்த டெக்னிகலர் வண்ணப் படம். வார்னர் நிறுவனம் இரண்டையும் சேர்த்தே டிவிடியாக வெளியிட்டிருக்கிறது. எதை எடுப்பது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் பழையதைத்தான் சொல்வேன்.

கதை ஆண்டனி ஹோப் 1894இல் எழுதிய நாவல். முடிசூட்டு விழாவுக்கு முந்தைய இரவில் மன்னனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிடுகிறார்கள். அச்சில் வார்த்ததுபோல் அவனையே ஒத்திருக்கும் ஓர் ஆங்கிலேயன் அரியணை ஏறுகிறான். 'நாடோடி மன்னன்' பார்த்தவர்களுக்கு இந்த ஆள்மாறாட்டம் பழகிய சங்கதிதான்.

இரண்டையும் காட்சி காட்சியாக மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். 1952இன் குழு பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எடுத்திருக்கிறது. வசனம் பெரும்பாலும் அதேதான். ஆல்ஃபிரட் நியூமனின் இசையையும் மறுபடி எடுத்தாண்டிருக்கிறார்கள். ஆகவே வித்தியாசம் முழுவதும் நடிகர்களிடமும் ஒளியிலும்தான் வந்து நிற்கிறது.

முதலில் வில்லன் ரூபர்ட். 1937இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜூனியர், 1952இல் ஜேம்ஸ் மேசன். மேசன் பெரிய நடிகர், குரலிலேயே விஷம் வைத்திருப்பவர். ஆனால் அவருடைய ரூபர்ட் நெஞ்சுக்குள் கணக்குப் போடுகிற ஆள். ஃபேர்பேங்க்ஸோ அயோக்கியத்தனத்தை அனுபவித்துச் செய்கிறார். பல் தெரியச் சிரித்தபடி கொலை பேசுகிறார். அடுத்த காட்சியில் அவர் வரமாட்டாரா என்று மனம் ஏங்குகிறது. கெட்டவன் மேல் இப்படி ஓர் ஆசை பிறக்காவிட்டால் வாள்வீச்சுப் படம் சப்பென்று போய்விடும்.

அடுத்தது, மன்னனைச் சிறைவைத்திருக்கும் கோட்டையில் நடக்கும் சண்டை. கதாநாயகன் வெறுமனே சண்டை போடவில்லை. எதிரியின் வாளைத் தடுத்துக்கொண்டே, தூக்குப்பாலத்தை இறக்கும் கயிற்றை நோக்கி நகரவேண்டும். வெளியே காத்திருக்கும் படை உள்ளே வர வேறு வழியில்லை. 1952இல் ஸ்டூவர்ட் கிரேஞ்சர் பாய்கிறார், சுழல்கிறார். உடல் வேகத்தில் 1937இன் நாயகன் ரொனால்ட் கோல்மன் அவருக்கு ஈடே இல்லை. படம் எடுக்கும்போது கோல்மன் நாற்பதைத் தாண்டியவர். ஆனால் அவர் வாளோடு வாயையும் வீசுகிறார். ரூபர்ட்டின் கேலிக்குப் பதில் கேலி, ஒவ்வொரு பதிலோடும் ஓரடி பின்வாங்கல். ரிமோட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் அந்த அடிகள் எங்கே போகின்றன என்று எனக்குப் பிடிபட்டது. ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வாங் ஹவ் அந்த இருட்டைக் கற்சுவரோடு இழைத்திருக்கிறார். டெக்னிகலரில் அதே கோட்டை பளிச்சென்று அரங்கம்போல் தெரிகிறது.

முடிசூட்டு விழாவில் மட்டும் வண்ணம் ஜெயித்துவிடுகிறது. அந்தச் சிவப்பும் பொன்னும் கறுப்பு வெள்ளையில் கிடைக்காது. இளவரசி ஃப்ளேவியாவாக மேடலின் கேரல், டெபோரா கெர் இருவருமே அருமை. பழைய படம் பார்ப்பவர்களுக்கு 1952இல் இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு: அதில் கார்டினலாக வரும் லூயிஸ் ஸ்டோன்தான் 1922இன் மௌனப் படத்தில் மன்னனாகவும் ஆங்கிலேயனாகவும் இரட்டை வேடம் போட்டவர்.

எந்தப் பதிப்பை ஓட்டினாலும் தொலைக்காட்சியின் 'ஜூம்' வசதியை அணைத்துவிடுங்கள். இரண்டுமே அகலத்திரை வருவதற்கு முன் எடுத்தவை. படத்தின் இருபுறமும் கறுப்புப் பட்டை இருப்பதுதான் சரி. திரையை நிரப்பப் பார்த்தால் மேலும் கீழும் வெட்டுப்படும். உயர்த்திய வாளின் முனையும், கயிற்றை நோக்கிப் பின்வாங்கும் அந்தக் கால்களும் அதோடு போய்விடும்.