பேர்ல் ஹார்பர்: டார்பிடோவா, குண்டா?

1941 டிசம்பர் 7 காலை, ஹவாயிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் துறைமுகமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. முதல் அலையில் வந்த 40 ஜப்பானிய விமானங்கள் டார்பிடோவையும் (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் ஆயுதம்), 49 விமானங்கள் ஆளுக்கொரு 800 கிலோ குண்டையும் சுமந்தன. விமானம் இரண்டுக்கும் ஒரே ரகம்தான்.

அதிக சேதம் செய்தது டார்பிடோ. துறைமுகத்தின் ஆழமோ சுமார் 12 மீட்டர். வழக்கம்போல் போட்டால் டார்பிடோ சேற்றில் குத்தி நின்றுவிடும். அதனால் வாலில் மரத் துடுப்புகளைப் பொருத்தினார்கள். அவை விழும் கோணத்தைச் சீராக்கி, நீரில் பட்டதும் கழன்றுவிடும். விமானி தாழப் பறந்தாக வேண்டும். ஓக்லஹோமா போர்க்கப்பல் கவிழ்ந்தது டார்பிடோக்களால்தான். சில விமானிகள் பயிற்சியில் குறியாகப் பயன்பட்ட பழைய கப்பலான யூட்டா மீது டார்பிடோக்களை வீணடித்தார்கள்.

ஆனால் கப்பல்கள் ஜோடி ஜோடியாக அருகருகே நிறுத்தப்பட்டிருந்தால், உள்பக்கம் நிற்பதை டார்பிடோ தொடாது. அங்கே குண்டுதான் வழி. போர்க்கப்பல் பீரங்கியின் 41 செ.மீ. எறிகணையைக் கடைந்து செய்த அந்தக் குண்டைச் சுமார் 3,000 மீட்டரிலிருந்து போட்டார்கள். பெரும்பாலானவை குறி தவறின. பட்டவற்றிலும் சில சரியாக வெடிக்கவில்லை. ஒன்று மட்டும் அரிசோனா போர்க்கப்பலின் முன்பக்க வெடிமருந்து அறையை வெடிக்க வைத்தது: 1,177 பேர் பலி.

மறுநாளே அமெரிக்கா ஜப்பான்மீது போர் அறிவித்தது.