கவுச் டு 5கே செயலி: ஐந்தாம் வாரம்தான் சோதனை

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். இலவசமாகத் தரும் ஓட்டப் பயிற்சிச் செயலி இது. ‘சோபாவிலிருந்து 5 கி.மீ. வரை’ என்று பெயருக்குப் பொருள். 9 வாரம், வாரத்துக்கு 3 ஓட்டம், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் ஒரு நாள் ஓய்வு. முதல் வாரம் 5 நிமிட வேக நடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று 20 நிமிடம். ஓடு, நட என்று காதில் குரல் சொல்லிவிடும். கடிகாரம் பார்க்க வேண்டாம்.

பலர் திணறுவது 5-ஆம் வாரத்தில். இரண்டாவது ஓட்டம் 8 நிமிடமாக இரண்டு தவணை, இடையில் 5 நிமிட நடை. அடுத்த ஓட்டமே நிற்காமல் 20 நிமிடம்! மூச்சு முட்டினால் பெரும்பாலும் குற்றவாளி வேகம்தான். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்குக் குறையுங்கள். அப்படியும் முடியவில்லையா, அதே வாரத்தைத் திரும்ப ஓடலாம். முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாக வலித்தால் மட்டும் ஓடித் தீர்க்கப் பார்க்காதீர்கள், வலி போகும்வரை ஓய்வு.

பெயர்தான் கொஞ்சம் ஏமாற்று. கடைசி வாரம் 30 நிமிட ஓட்டம். அதில் 5 கி.மீ. முடிக்க கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகம் வேண்டும். 8 நிமிடத்தில் ஓடும் புதியவருக்கு 3.75 கி.மீ.தான் வரும். அதன்பின் வாரம் ஒரு ஓட்டத்தை மட்டும் 5 நிமிடம் நீட்டினால், இரண்டே வாரத்தில் 40 நிமிடம், 5 கி.மீ.