செத்த நட்சத்திரத்தின் கோள்கள்: பல்சாரா, வெண்குள்ளனா?

காரைக்குடியில் பிரித்த வீட்டின் பர்மாத் தேக்குத் தூண், பழைய சாமான் கடை வழியாகப் புதுவீட்டுக்குப் போவதைப் பார்த்தவர்களுக்குப் பல்சார் கோள்கள் சட்டெனப் புரியும். பல்சார் என்பது, பெரிய நட்சத்திரம் சூப்பர்நோவாவாக வெடித்தபின் மிஞ்சும், வேகமாகச் சுழன்று துடிப்புகளை அனுப்பும் கரு. அந்த வெடிப்புக்குத் தப்பும் கோள்கள் அபூர்வம். வெடிப்புக்குப் பின் மிஞ்சிய பொருள் வட்டாகத் திரண்டு, அதிலிருந்து புதுக்கோள்கள் உருவாகியிருக்கலாம் என்கிறார்கள். 1992-இல் வானியலாளர்கள் வோல்ஷானும் ஃபிரெயிலும் ஆராய்ந்த பல்சார் 6.2 மில்லிவினாடிக்கு ஒருமுறை துடிக்கிறது. அந்தத் துடிப்பு இம்மியளவு முந்தியும் பிந்தியும் வந்ததை வைத்தே, பூமியைப்போல் சுமார் 4 மடங்கு நிறையுள்ள இரண்டு கோள்களைக் கண்டுபிடித்தார்கள். கண்ணால் பார்க்காமலே!

வெண்குள்ளன் கதை வேறு. அது, சூரியன் போன்ற நட்சத்திரம் வீங்கி, வெளி அடுக்குகளை உதிர்த்தபின் மிஞ்சும் கரு. 2020-இல் தெரியவந்த ஒரு கோள், கிட்டத்தட்ட வியாழன் அளவு, 1.4 நாளில் சுற்றி முடிக்கிறது. நட்சத்திரம் வீங்கியபோது தூரத்தில் இருந்துவிட்டு, அப்புறம் உள்ளே நகர்ந்திருக்கலாம்.

எனக்குப் பல்சார்தான் ஒரு படி மேல். ஆனால் ஆராய வசதி வெண்குள்ளன்தான்: சுமார் 80 ஒளியாண்டு தூரம்தான், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்தக் கோளின் வெப்பத்தையே அளந்துவிட்டது.