பலகை மாறினாலும் ஓடும் நிரல்: மைக்ரோபைத்தானா, லுவாவா?

மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்தை மீயொலி உணரி கொண்டு அளக்கும் சிறு கருவிக்கான நிரலை முதலில் நோட்எம்சியு என்ற ஃபர்ம்வேரில் (சில்லுக்குள் பதிந்து அதை இயக்கும் அடிப்படை மென்பொருளில்) லுவா என்ற நிரல்மொழியில் எழுதினேன். இன்று அந்த இடத்தில் சிறு சில்லுகளுக்கான பைத்தான் மொழியான மைக்ரோபைத்தான் ஓடுகிறது. இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். இரண்டிலும் கணினியிலிருந்து கட்டளையைத் தட்டி உடனே விடை பார்க்கலாம்.

நினைவகச் சிக்கனத்தில் லுவாவுக்கே முதலிடம். ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் பிறந்த அம்மொழி, வேறொரு நிரலுக்குள் பொதிந்து இயங்கும்படி சிறிதாகவே வடிக்கப்பட்டது. மைக்ரோபைத்தானோ இஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லில் ஏறத்தாழ 40 கிலோபைட்டுக்கும் குறைவான ஹீப்பையே (நிரல் ஓடும்போது எடுத்துக்கொள்ளும் நினைவகத்தையே) நமக்கு விடுகிறது. மூலக் கோப்பைச் சில்லே பைட்கோடாக (ஓட்டுவதற்கு ஏற்ற சுருக்கக் கட்டளைகளாக) மாற்றும்போது அதிலும் ஒரு பங்கு போய்விடும். எனக்கும் நினைவகப் பிழை வந்தது. நிரலைக் கணினியிலேயே பைட்கோடாக்கி ஃபர்ம்வேருக்குள் பதித்துவிட்டால் அது மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்திலிருந்தே நேரடியாக ஓடும். அப்படிச் செய்த பிறகு அப்பிழை வரவில்லை. நோட்எம்சியுவிலும் இதற்கு இணையான வசதி உண்டு.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு, அதிலும் குறிப்பாகச் சில்லைத் தாங்கும் மின்சுற்றுப் பலகையை மாற்ற நேரும் நாள். வெயிலிலும் ஈரத்திலும் கிடக்கும் பலகை என்றாவது பழுதாகும்; அன்று கடையில் அதே பலகை கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. எனக்கு இஎஸ்பி8266க்குப் பதிலாக இஎஸ்பி32தான் கிடைத்தது. லுவா என்ற மொழி எங்கும் ஓடும். ஆனால் வன்பொருளைத் தொடும் நூலகங்கள் ஃபர்ம்வேருக்கு ஃபர்ம்வேர் வேறுபடுகின்றன. நோட்எம்சியு, இஎஸ்பி8266இன் ஐந்தாம் எண் ஜிபிஐஓ முனையை (உணரி போன்றவற்றை இணைக்கும் முனையை) 1 என்று தன் சொந்த வரிசையில் எண்ணுகிறது. இஎஸ்பி32இலோ சில்லின் எண்ணையே பயன்படுத்துகிறது. முனையின் நிலை மாறும்போது அழைக்கப்படும் சார்பு (ஃபங்ஷன்) பெறும் மதிப்புகளும் இரண்டிலும் ஒன்றல்ல. ஆகவே உணரியைப் படிக்கும் பகுதியை நான் திரும்ப எழுத வேண்டியிருந்தது. மைக்ரோபைத்தானில் 'மெஷின்' தொகுதி பல சில்லுகளுக்கும் பொதுவானது. எதிரொலித் துடிப்பின் நீளத்தை அளக்கும் சார்பும் அதிலேயே இருக்கிறது. இஎஸ்பி32இலிருந்து 264 கிலோபைட் நினைவகம் கொண்ட ராஸ்பெர்ரி பை பிக்கோ பலகைக்கு அதே நிரலைக் கொண்டுசென்றபோது முனை எண்களை மட்டுமே திருத்தினேன்.

லுவாவை நான் ஓட்டியது சில மாதங்களே. மின்கலத்தில் இரண்டையுமே ஓட்டிப் பார்த்ததில்லை. இஎஸ்பி8266 பலகைகளையே மொத்தமாக வாங்கி வைத்து, கடைசி வரை அவற்றையே பயன்படுத்தப் போகிறவருக்கு நான் மேலே சொன்ன சிக்கல் எழாது. அவர் லுவாவின் சிக்கனத்தைத் தேர்ந்தால் நான் மறுக்க மாட்டேன்.